பிடித்த மீனை வீடு சேர்த்தல்

மீன் பிடிக்கும் கலையைப் பற்றி எழுதியோர் பலர். சென்னை மாகாணத்து ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார், நம் நாட்டு ஆறுகளில் தூண்டிலிடும் முறைகளை விரித்து 1873ஆம் ஆண்டிலேயே தனிநூல் ஒன்று வெளியிட்டார். தூண்டிலும் இரையும் பொழுதும் துறையும் இன்னவாதல் வேண்டும் என்று கூறும் நூல்கள் அதன்பின்னும் எத்தனையோ தோன்றின. ஆயினும் பிடிபட்ட மீன் கரையினின்றும் அடுப்பங்கரை வந்து சேரும் வரை அதற்கு நேரும் கதியைக் குறித்து நம் மொழியில் எழுதப்பட்டவை மிகச் சில. விடுமுறை நாட்களில் நம் மாணவர் சிலர் ஒகேனக்கல் வரை சென்று வருவதும், சென்றவருள் சிலர் மீன் கொண்டு மீளுவதும், அங்ஙனம் கொணர்ந்ததில் ஒரு பகுதி தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் முடிவதும் யாவரும் அறிந்தனவே. ஆதலின் இப்பொருளைச் சற்று நின்று ஆராய்வோம்.

தருமபுரி மாவட்டம் கடற்கரை இல்லாத மேட்டுநிலம். கேழ்வரகும் புளியும் இம்மண்ணுக்கு எளிதில் வாய்ப்பன. மீன் அங்ஙனம் வாய்ப்பதன்று. ஏரிகள் நிறைந்த ஆண்டில் உள்ளூர் மீன் சந்தைக்கு வரும். வறண்ட ஆண்டில் வாராது. எக்காலத்தும் மீனுடைய நீர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் ஓடும் காவிரி ஒன்றே. கருநாடக மலைகளினூடே வந்த ஆறு ஒகேனக்கல்லில் பாறை பிளந்து வீழ்கின்றது. ‘ஹொகே’ என்னும் கன்னடச் சொல் புகையைக் குறிக்கும். வீழும் நீரின் திவலை புகையென எழுதலால் அவ்விடம் புகைக்கல் ஆயிற்று. அதற்குக் கீழே, 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் தொடங்குகின்றது. அணையில் நீர் 120 அடியை எட்டும் நாளில் தேக்கம் ஒகேனக்கல்லின் அடிவாரத்தை நெருங்கிவிடும். நாகமரை, ஒட்டனூர் முதலிய கரையூர்களில் பரிசலும் வலையும் கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் பல.

ஒகேனக்கல்லினின்றும் பென்னாகரம் வழியாகத் தருமபுரிக்கு 46 கிலோமீட்டர். காட்டினூடே வளைந்து ஏறும் மலைப்பாதையும் அதில் அடக்கம். சென்னைக்கோ ஏறக்குறைய 350 கிலோமீட்டர்; பேருந்து மாறிச் செல்வார்க்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. சித்திரை வெயிலில் இவ்வழியே ஒரு மீன் பயணம் செய்யுமாயின் அதற்கு என்ன நேரும் என்பதே வினா.

இவ்வினாவிற்கு ஒகேனக்கல் மக்கள் நெடுநாட்களுக்கு முன்னரே ஒரு விடை கண்டிருக்கின்றனர். அருவிக்குச் செல்லும் வழியெங்கும் மீனை அரிந்து, மிளகாயும் மஞ்சளும் உப்பும் அரைத்துப் பூசி, அகன்ற இருப்புச் சட்டியில் பொரிக்கும் பெண்களைக் காணாதவர் இலர். நாம் வாங்கிக் கொடுக்கும் மீனையும் கூலி பெற்றுச் சமைத்துத் தருவர். இதனை உல்லாசப் பயணிகளுக்கான வேடிக்கை என்று எண்ணுவார் உளர். நாம் அங்ஙனம் எண்ணுவதில்லை. மீனை உண்போனிடம் கொண்டு செல்ல இயலாத இடத்தில், உண்போனை மீனிடம் வரச் செய்த அறிவு அது. ஆற்றிலிருந்து சட்டிக்கு உள்ள தொலைவு அங்கே சில நூறு அடிகளே. தொலைவு குறைந்தவிடத்துக் கெடுதற்கும் காலம் இல்லை. கையில் வசதியொன்றும் இல்லாமல் சென்ற மாணவர்க்கு நாம் கூறும் முதல் அறிவுரையும் இதுவே: மீனைத் தூக்கி வாராதீர், அங்கேயே உண்டு வருக.

கொண்டுதான் வருதல் வேண்டும் என்பார்க்கு, மீன் ஏன் கெடுகின்றது என்பதை முதலில் அறிதல் நலம். இறந்த மீன் சில மணி நேரத்தில் விறைக்கும்; பின்னர் விறைப்புத் தளரும். விறைத்துள்ள காறும் பெருங்கேடு தொடங்கவில்லை என்று கொள்ளலாம். வெப்பத்தில் இறந்த மீன் விரைவில் விறைத்து விரைவில் தளரும். தூண்டிலில் நெடுநேரம் துடித்துக் களைத்த மீனும், கோணியில் கிடந்து மெல்ல மூச்சடைத்து இறந்த மீனும் அவ்வாறே. தசையில் இருந்த ஆற்றல் துடிப்பிலேயே செலவாகிவிட்டமையின் விறைப்பும் முந்துகின்றது. சப்பானியர் மீனைப் பிடித்தவுடன் மூளையில் முள்ளிறக்கி நொடியில் கொன்று இரத்தத்தை வடித்துவிடுவர். ‘இக்கே ஜிமே’ என்பது அம்முறையின் பெயர். கேட்பார்க்குக் கொடுமைபோல் தோன்றும். ஆயினும் அரைமணி நேரம் வெயிலில் துடிக்க விடுவதினும் அது மீனுக்கும் இரக்கம், இறைச்சிக்கும் நலம்.

விறைப்புத் தளர்ந்தபின் இருவகைப் பகை தலைப்படுகின்றன. ஒன்று மீனின் குடலிலேயே உள்ள செரிமான நீர். உணவைக் கரைத்து வந்த அது இப்போது மீனையே உள்ளிருந்து கரைக்கும். வயிறு வெடித்த மீன் என்று கடையில் தள்ளப்படுவது இதனால். மற்றொன்று செதிளிலும் செவுளிலும் குடலிலும் வாழும் நுண்கிருமிகள். உயிருள்ள மீனின் தசைக்குள் அவை புகமாட்டா. உயிர் போனபின் தடுப்பார் இல்லை.

இக்கிருமிகளின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. மீன்துறை அறிஞர் கையாளும் எளிய வாய்பாடு ஒன்றுண்டு. மீன் இருக்கும் வெப்பநிலையைச் சென்டிகிரேட் அளவில் எடுத்துப் பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணைத் தன்னாலேயே பெருக்குக. பனிக்கட்டியில் கிடக்கும் மீனைப் போல எத்தனை மடங்கு விரைவாகக் கெடும் என்பது கிடைக்கும். 10 டிகிரியில் 4 மடங்கு; 20 டிகிரியில் 9 மடங்கு; 30 டிகிரியில் 16 மடங்கு. நுட்பமான விதி அன்று, கைக்கணக்கிற்குப் போதும். இனி நம் பயணத்தை எண்ணிப் பார்ப்போம். பேருந்தின் மேற்கூரையில் 30 டிகிரியில் எட்டு மணி நேரம் வந்த மீன், பனிக்கட்டியில் 128 மணி நேரம், அதாவது ஐந்து நாட்களுக்கு மேல் கிடந்த மீனுக்கு நிகர். “இன்று காலை பிடித்தது” என்று சொல்லும் நண்பர் பொய் கூறவில்லை. ஆயினும் மீனின் நாட்காட்டி வேறு.

பனிக்கட்டி அறியாத முன்னோர் என் செய்தனர்? முதலாவது, மீனைச் சாகவிடாமல் கொணர்ந்தனர். ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் பாண்மகள் வரால்மீனைப் பனையோலையானும் பிரம்பானும் இழைத்தது போன்ற வட்டியில் சுமந்து வந்து இல்லத்தாரிடம் கொடுத்து, அவ்வட்டி நிறைய நெல் பெற்றுச் செல்லும் வழக்கத்தைக் காண்கின்றோம். மீன் வகை எத்தனையோ இருக்க, வீடு வீடாகச் சுமந்து விற்கும் பெண்ணின் வட்டியில் வரால் இருப்பதை உரைகாரர் நயம் நோக்கி விளக்குவர். நாம் இவ்விடத்தில் உயிரியல் மாணவராக ஒரு சொல் கூறலாம். இன்று விரால் என வழங்கும் அம்மீன் செவுளின் மேலுள்ள தனி உறுப்பினால் காற்றை நேரே சுவாசிக்கும் இனம். ஈரம் உலராமல் காத்தால் நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடிருக்கும். தெருத்தெருவாய்ச் சுமந்து விற்பதற்கு அதனினும் ஏற்ற மீன் மருதநிலத்தில் அரிது. புலவர் இதை எண்ணிப் பாடினாரோ அறியோம்; விற்ற பெண் அறிந்திருப்பாள்.

விராலைப் பற்றி வியப்பான செய்தி ஒன்றுண்டு. குடத்தில் வாய் மட்டும் நீர் நிரப்பி இறுக மூடினால் அது மூச்சடைத்து இறக்கும். ஈரச் சாக்கில் சுற்றிக் காற்றோட்டமாக வைத்தால் பிழைக்கும். நன்மை செய்வதாக எண்ணி நீரை நிரப்புவாரே அதனைக் கொல்பவர். தேளி மீனும் பனையேறிக் கெண்டையும் இவ்வினத்தின. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்னும் டேனியர், பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறக் கண்டதாக 1797ஆம் ஆண்டில் எழுதி ஐரோப்பிய அறிஞரிடையே பெரும் விவாதத்தை எழுப்பினார். அது மரம் ஏறுமோ ஏறாதோ, தரையில் நகர்வதும் காற்றுண்டு வாழ்வதும் மெய். இத்தகைய மீன் கிடைத்தால் ஈரச்சாக்கும் மூங்கிற் கூடையுமே போதும். வழியில் இருமுறை நீர் தெளித்தல் வேண்டும். ஆனால் காவிரியில் நமக்குக் கிடைப்பன பெரும்பாலும் கெண்டை வகைகளும், வெளியிலிருந்து கொணர்ந்து நீர்த்தேக்கத்தில் விடப்பட்ட கட்லா, ரோகு, மிர்கால் என்பனவும், 1952ஆம் ஆண்டில் இந்தியாவிற்குள் புகுந்து எங்கும் பெருகிய ஜிலேபி மீனுமே. அவற்றைக் கரையில் இட்டால் உயிர் தங்கும் பொழுது சிறிது.

இரண்டாவது வழி உப்பும் வெயிலும். நெய்தல் நிலத்து மகளிர் மணலில் மீன் உணக்கிப் புள் ஓப்பும் காட்சி சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருவது. வடகடலோரத்து நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் மாசி முதல் வைகாசி வரை மீனை உப்பின்றியே மரச்சட்டங்களில் தொங்கவிட்டு உலர்த்துவர். அங்குள்ள குளிர் கிருமியை அடக்குவதால் அது கூடும். நம் வெயிலில் உப்பின்றிப் பெரிய மீனை உலர்த்தப் புகுந்தால் புறம் காய்வதற்குள் அகம் அழுகிவிடும். மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பொதுவான அளவு. முதுகு வழியே பிளந்து, குடலும் செவுளும் நீக்கி, முள்ளோரத்து இரத்தத்தைச் சுரண்டிக் கழுவி, உப்பை அழுத்தித் தேய்த்து ஓரிரவு வைத்து, மறுநாள் தரையில் அன்றிப் பரண்மேல் உலர்த்துதல் வேண்டும். இரண்டு நாள் ஆற்றங்கரையில் தங்குவார்க்கே இது ஆகும். ஒரே நாளில் மீள்வார், மீனை உப்பில் பொதிந்து கொணர்ந்து வீட்டு மாடியில் உலர்த்தலாம். அண்டை வீட்டார் பொறுமையுடையவராயின்.

உப்பைப் பற்றிப் பேசுங்கால் ஒரு வரலாற்றை விட்டுச் செல்ல மனம் ஒவ்வவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு அரசின் உரிமைப் பொருளாய் வரியேறி நின்றது. மீனின் விலையினும் அதனைப் பதப்படுத்தும் உப்பின் விலை மிகுந்தமையால், கரையோர ஏழைகள் உவர்மண்ணைத் தேய்த்தும், உப்பின்றியும் மீனை உலர்த்தினர். அம்மீன் அழுகியும் மணல் செறிந்தும் உண்டாரை நோயில் வீழ்த்தியது. மீனினங்களை ஆராய்ந்த மருத்துவர் பிரான்சிஸ் டே இக்கேட்டினை எடுத்துரைத்தவருள் ஒருவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரியில்லா உப்பு வழங்கும் மீன் பதனிடு களங்கள் சென்னை மாகாணக் கரையெங்கும் அமைக்கப்பட்டன. பின்னர்ச் சர் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் 1907இல் மாகாண மீன்துறை தோன்றியது. 1930ஆம் ஆண்டின் வேதாரணிய யாத்திரையை நினைப்போர் ஏழையின் கஞ்சிக்கலயத்தை நினைப்பர். வலைஞனின் கூடையையும் உடன் நினைத்தல் தகும். அவ்வரி நீங்கியது 1947இல்.

மூன்றாவது வழி சமைத்துக் கொணர்தல். தருமபுரிப் புளியை நன்றாகக் கரைத்துக் கூட்டிய மீன்குழம்பு மறுநாள் இன்னும் சுவைப்பதை நம் இல்லங்களில் அறிவோம். கொதித்தலால் கிருமி அழிகின்றது. புளிப்பும் உப்பும் புதுக்கிருமி பெருகுவதைத் தளர்த்துகின்றன. மலையாளக் கரையில் மீனை உப்போடும் குடம்புளியோடும் பீப்பாயில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பிய பழைய வாணிகமும் இவ்வுண்மையின் மேல் எழுந்ததே.

இனிப் பனிக்கட்டிக்கு வருவோம். இக்காலத்தில் நமக்கு ஏற்ற வழி இதுவே. நம் நாட்டில் பனிக்கட்டி வந்த வரலாறே பொருளை வீடு சேர்க்கும் கலைக்கு ஓர் அரிய பாடம். 1833ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர், உறைந்த குளங்களிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டி 180 டன்னை ‘டஸ்கனி’ என்னும் பாய்க்கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவிற்கு அனுப்பினார். ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இருமுறை கடத்தல் வேண்டும். கல்கத்தாவை அடைந்தபோது 100 டன் அளவு எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் அப்பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதனால் பெருமையுற்று, இன்று விவேகானந்தர் இல்லம் என நிற்கின்றது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் தொழில் நம் நாட்டிலேயே தோன்றியபின் அக்கப்பல் வாணிகம் மடிந்தது.

நான்கு மாதம் வெப்பக்கடலில் மிதந்த பனிக்கட்டி எங்ஙனம் கரையாது நின்றது? மரப்பட்டைத்தூளும் வைக்கோலும் சுற்றிலும் திணிக்கப்பட்டு வெப்பத்தைத் தடுத்தமை ஒரு காரணம். 180 டன்னும் ஒரே திரளாய் நெருக்கி அடுக்கப்பட்டமை மற்றொன்று. திரள் பெரிதாகப் பெரிதாக, அதன் பருமனை நோக்க வெளியே தெரியும் பரப்புக் குறையும். வெப்பம் புகுவதற்கு வாயிலோ அப்பரப்பே. பத்துப்பேர் தனித்தனிப் பையில் தூக்கி வருவதினும் ஒரு பெட்டியில் எல்லார் மீனையும் சேர்த்து வைத்தல் ஏன் நன்று என்பது இதனால் விளங்கும்.

எவ்வளவு பனிக்கட்டி வேண்டும் என்பதைக் கணக்கிடுவோம். ஒரு கிலோ பனிக்கட்டி கரையும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை விழுங்கும். மீன் பெரும்பாலும் நீரே. அதன் ஒரு கிலோவை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 0.8 கிலோகலோரியை நீக்கல் வேண்டும். 10 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொணர 240 கிலோகலோரி. இதற்கே 3 கிலோ பனிக்கட்டி செலவாகும். அடுத்து, பெட்டியின் சுவர் வழியே ஓயாது புகும் வெப்பம். ஓர் அங்குலப் பருமனுள்ள தெர்மாக்கோல் பெட்டி, ஒரு சதுர மீட்டர் புறப்பரப்பு உடையதாயின், வெளியே 30 டிகிரி இருக்கும்போது மணிக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பனிக்கட்டியை உருக்கும். எட்டு மணி நேரத்தில் மூன்றரைக் கிலோவுக்கு மேல். மூடியைத் திறந்து நண்பருக்குக் காட்டுதல், பெட்டி வெயிலில் நிற்றல், வண்டி வாராது காத்திருத்தல் இவற்றையும் சேர்த்தால், மீனின் எடைக்கு ஒத்த எடை பனிக்கட்டி வேண்டும் என்று நம் நாட்டு மீன் வணிகர் கொண்டுள்ள வழக்கு எவ்வளவு பொருத்தமுடையது என்பது தெளியலாம். அவர்கள் கலோரியைக் கேட்டறியார். கெட்ட மீனின் நட்டத்தைக் கண்டறிந்தவர்.

ஆதலின் ஒகேனக்கல் செல்லும் குழு தன் பனிக்கட்டியைத் தருமபுரியிலேனும் பென்னாகரத்திலேனும் முன்னரே வாங்கிக்கொண்டு செல்லுதல் வேண்டும். மீன் பிடிபட்டபின் தேடுவது, தீப்பற்றிய பின் கிணறு வெட்டுவதை ஒக்கும். செல்லும்போது பெரிய துண்டாகவே கொண்டு சென்று, மீன் கைக்கு வந்தபின் சாக்கில் சுற்றித் தட்டி நொறுக்குக. துண்டாக உள்ளவரை அது மெல்லக் கரையும். நொறுக்கியபின் மீனைச் சூழ்ந்து தழுவும். இத்தழுவலே பெரிது. காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், கரையும் பனிக்கட்டியின் ஈரம் மீனை எங்கும் தொட்டு நிற்றல் வேண்டும். மேலே ஒரு கட்டியை வைத்துக் கீழே பத்து மீனை அடுக்குவதால் பயன் சிறிது.

பிடித்த மீனை உடனே கொன்று, செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, வயிற்றைக் கீறிக் குடலையும் செவுளையும் முற்றும் நீக்கி, உள்ளே ஒட்டிய கருஞ்சவ்வையும் முதுகெலும்போரத்து இரத்தக் கோட்டையும் விரல்நகத்தால் சுரண்டித் தூய நீரில் கழுவுக. பாதி நீக்கிய குடல், நீக்காத குடலினும் தீது. உள்ளிருந்த கிருமி அறுத்த சதையெங்கும் பரவும். செதிளை மட்டும் சீவாது விடுதல் நலம்; அது மீனின் சட்டை. பெட்டியின் அடியில் நான்கு விரற்கடை பனிக்கட்டி, அதன்மேல் வயிறு கீழ்நோக்க ஒரு வரிசை மீன், வயிற்றுக்குள்ளும் ஒரு பிடி பனிக்கட்டி, மீண்டும் பனிக்கட்டி, மீண்டும் மீன் என அடுக்கி, மேலே கனமாய்ப் பனிக்கட்டி இட்டு மூடுக. உருகிய நீரில் மீன் ஊறிக்கிடத்தல் கூடாது. அடியில் ஒரு துளையிட்டுத் தக்கையால் அடைத்து, இறங்கி நிற்கும் இடத்தில் வடித்துவிடலாம். பேருந்தில் வடிப்பவர் நடத்துநரிடம் கேட்கும் சொல்லை நாம் இங்கே எழுதுவதற்கில்லை.

பனிக்கட்டி கிட்டாத போழ்து ஈரச்சாக்கு ஓரளவு துணை செய்யும். ஒரு கிராம் நீர் ஆவியாய் மாறுங்கால் ஏறக்குறைய 580 கலோரியைக் கவர்ந்து செல்லும். அதே அளவு பனிக்கட்டி உருகக் கவர்வதைப்போல் ஏழு மடங்கு. தருமபுரியின் கோடைக்காற்று வறண்டதாகலின் இது நன்கு நிகழும். மண்பானை நீர் குளிர்வதும் இதனாலேயே. ஆயினும் சாக்கு எவ்வளவு நனைந்தாலும் மீன் 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்காது. முன்சொன்ன வாய்பாட்டின்படி ஒன்பது மடங்கு விரைவு அங்கும் உண்டு. ஆகவே தருமபுரி வரை வரலாம்; சென்னைக்கு ஆகாது.

இக்கணக்கு நமக்கு ஒருநாள் விளையாட்டு. நாகமரைப் பரிசற்காரனுக்கோ வாழ்வு. விடியலில் வலையெடுத்தவன் நண்பகலுக்குள் விற்றாக வேண்டும். காத்திருக்க இயலாத பொருளை உடையவன், காத்திருக்க இயன்றவன் சொல்லும் விலைக்கு இணங்குவான். கரைக்கு வரும் வணிகனிடம் தராசும் உண்டு, பனிக்கட்டியும் உண்டு. வலைஞனிடம் இருப்பது மீனும் ஏறிவரும் வெயிலும். ஒரே கட்லா கரையில் ஒரு விலையும் நகரத்தில் வேறொரு விலையும் பெறுவதன் இடைவெளியில் போக்குவரத்துச் செலவு சிறிதளவே. எஞ்சியது பனிக்கட்டி உடைமையின் விலை. நல்லதொரு பனிக்கட்டிக் கிடங்கு கரையூரில் இருப்பின் வலைஞன் மாலைவரை பேரம் பேசலாம் என்று பொருளாதார மாணவர் எவரேனும் ஆராய்ந்து எழுதுவாராயின் மகிழ்வோம்.

பனிக்கட்டிக்குக் கூலி கொடுக்க மனமில்லாத வணிகன் செய்யும் தீமையும் உண்டு. உயிரியல் சாலைகளில் தவளையும் பாம்பும் மிதக்கும் ஃபார்மலின் நீரை மீன்மேல் தெளித்துப் புதிதுபோல் காட்டுவது அது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் இவ்வாறு நஞ்சேறிய மீனும் இறாலும் ஆயிரக்கணக்கான கிலோ பிடிக்கப்பட்டன. ஈ மொய்க்காத மீன்கடையைக் கண்டு தூய்மை என வியப்பார், ஈக்கு உள்ள அறிவு தமக்கும் உண்டோ என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்னும் கேள்வி எஞ்சியுள்ளது. பெட்டி கொள்ளும் அளவே வரம்பு என்று நாம் கொள்வோம். பத்துக் கிலோவுக்கான பனிக்கட்டி கொண்டு சென்றவன் இருபது கிலோ பிடிப்பானாயின், அவன் வீட்டுக்கு இருபது கிலோவும் கெட்டே வரும், பத்து வாராது. இது கஞ்சத்தனத்தால் சொல்வதன்று. காவிரியின் பெருங்கெண்டையாகிய மகசீர், ஒருகாலத்தில் மனிதனின் எடைக்கு நெருங்கி வளர்ந்த மீன். மைசூர் வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் 1946ஆம் ஆண்டில் கபினி ஆற்றில் பிடித்தது 120 ராத்தல் எடையுடையது. திமில் எழுந்த காவிரி மகசீருக்கு உரிய அறிவியற் பெயர் இன்னதென்றே 2018ஆம் ஆண்டில்தான் உறுதிப்பட்டது. அவ்வாண்டே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் நிற்பவற்றுள் வைத்தது. வெடியிட்டு மீன் கொல்லும் கொடுமையும், அணைகளும், வெளியிலிருந்து விடப்பட்ட உறவினங்களும் அதனை இந்நிலைக்குத் தள்ளின. அது தூண்டிலில் சிக்கினால், கை நனைத்துப் பிடித்து நீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுக. அதற்கு நம் பெட்டியில் இடமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆற்றோரக் காடு 2022ஆம் ஆண்டில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருத்தலின், எங்கே தூண்டிலிடலாம், எவரிடம் உரிமம் பெறல் வேண்டும் என்பதை வனத்துறையினரிடமும் மீன்வளத் துறையினரிடமும் கேட்டறிந்த பின்னரே புறப்படுதல் முறை.

வீடு வந்ததும் பெட்டியைத் திறந்து நோக்குக. மீனின் தோல் மினுங்கி, சதையை விரலால் அழுத்தினால் குழி உடனே நிமிர்ந்து, மணம் ஆற்றுப்பாசியை ஒத்திருந்தால் வழி நன்றாகக் கழிந்தது. கண் குழிந்து, குழி நிமிராது, மணம் புளித்திருந்தால் மஞ்சளும் மிளகாயும் அதனை மறைக்கும், மாற்றமாட்டா. நல்ல மீனை அன்றே சமைக்காதவர் புதுப் பனிக்கட்டி மாற்றி வைத்தால் இன்னும் சில நாள் அச்சமின்றி உண்ணலாம். வெறும் பெட்டியை அன்றிரவே வெந்நீரும் சோப்பும் இட்டுத் தேய்த்து, மறுநாள் மூடியைத் திறந்து வெயிலில் காயவைத்தல் வேண்டும். விடுதியில் அதனை ஈரத்தோடு கட்டிலின் கீழ்த் தள்ளியவரோடு அறையில் உடன் தங்கியோர் இக்கட்டுரையின் இப்பகுதியை உரக்கப் படித்துக் காட்டுவாராக.